காவல் வைக்காத கோட்டைக்காரர்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கிழக்கே, ஒரு குன்றின்மேல் வட்டமான பழைய கோபுரம் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். தெற்கே சில கிலோமீட்டர் போனால் தோர்தோன் ஆறு. 16ஆம் நூற்றாண்டில் மோன்தேன் கோட்டைக்குள் போகிற எவரும் இந்தக் கோபுரத்தை ஒட்டிய வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலில் பழைய வழக்கப்படி ஒரே ஒரு வாயிற்காவலர் இருந்தார். வந்தவரைத் தடுப்பதைவிட, மரியாதையாக உள்ளே அழைப்பதுதான் அவருடைய வேலை.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அது உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1562 முதல் 1598 வரை கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் எட்டுத் தடவை போரிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் பக்கத்து ஊரைக் கொள்ளையடித்தான். வசதியுள்ள வீடுகள் எல்லாம் மதில் எழுப்பின, துப்பாக்கிக்காரர்களைக் காவலுக்கு வைத்தன. அப்படி வைத்த பல வீடுகள் பறிபோயின. காவலே வைக்காத இந்த வீடு நின்றது.

அந்த வீட்டுக்காரர்தான் மிஷேல் த மோன்தேன். நாம் பள்ளியில் எழுதிப் பழகிய கட்டுரை என்ற வடிவத்துக்கு ஐரோப்பாவில் பெயர் கொடுத்தவர் அவர். ‘எஸ்ஸே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். புத்தகத்தால் அவரை உலகம் அறியும். இங்கே நாம் அவருடைய வீட்டின் வழியாக அவரைப் பார்ப்போம்.

கருவாட்டில் வந்த கோட்டை

பரம்பரைப் பிரபுக்கள் என்று சொல்லிக்கொண்டாலும், இந்தக் குடும்பத்தின் காசு வந்தது கடையிலிருந்துதான். மிஷேலின் கொள்ளுத் தாத்தா ரமோன் எய்க்கெம் போர்தோ துறைமுகத்து வியாபாரி. கருவாடு, ஒயின், நீலச் சாயம் எடுக்கும் ஒரு செடி ஆகிய மூன்றும் அவருடைய சரக்கு. 1477ல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், அவர் மோன்தேன் என்ற இந்த நிலத்தையும் வீட்டையும் விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அனுபவிக்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை. ஆனால் நிலத்தோடு பிரபுப் பட்டமும் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

தாத்தா கிரிமோன் கடையை விடவில்லை. அப்பா பியேர்தான் முதல் முதலாகக் கடையை விட்டுவிட்டு, பிரபு வீட்டுப் பிள்ளைகளைப் போலப் படைக்குப் போனவர். இத்தாலியில் நடந்த போர்களில் பல ஆண்டுகள் கழித்துவிட்டு, 1528ல் ஊர் திரும்பி அந்துவானெத் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மாளின் தந்தை வழி முன்னோர்கள் ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள். கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவம் தழுவியவர்கள்.

1533 பிப்ரவரி 28 அன்று இந்தக் கோட்டையில் மிஷேல் பிறந்தார். அவர்தான் எய்க்கெம் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட முதல் ஆள். கொள்ளுத் தாத்தாவின் கருவாட்டைப் பற்றித் தன் புத்தகத்தில் அவர் பேசவே இல்லை. தன்னைப் பற்றி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியவர் என்று பெயர் வாங்கிய மனிதர் ஒளித்த சில விஷயங்களில் இது ஒன்று.

அப்பா வைத்திருந்த பேரேடு

பியேர் எய்க்கெம் கொஞ்சம் வித்தியாசமான மனிதர். அறுபது வயதுக்குப் பிறகும் கட்டைவிரலை மேசையில் ஊன்றி உடம்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டுவாராம். கைகளுக்குப் பயிற்சியாக ஈயம் நிரப்பிய கோல்களை வைத்திருந்தார்.

பிள்ளை வளர்ப்பிலும் அவர் வழி தனி வழி. பிறந்த குழந்தையைப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர விட்டார். சாதாரண ஜனங்களோடு பிள்ளைக்கு ஒட்டுதல் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். குழந்தை வீடு திரும்பியதும், பிரெஞ்சு மொழியே தெரியாத ஒரு ஜெர்மன் ஆசிரியரை வைத்தார். ஆசிரியர் குழந்தையிடம் லத்தீனில் மட்டுமே பேசினார். அப்பா, அம்மா, வேலைக்காரர்கள் என்று எல்லோரும் சில லத்தீன் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு, பிள்ளை முன்னால் அதில்தான் பேச வேண்டும். ஆறு வயதில் போர்தோவில் பள்ளிக்குப் போனபோது, ஆசிரியர்களே அவனிடம் லத்தீனில் பேசத் தயங்கினார்கள். காலையில் பிள்ளையைத் திடுக்கிட எழுப்பக் கூடாது என்று, இசைக் கருவி வாசித்து எழுப்பினார்கள்.

அப்பாவின் இரண்டு பழக்கங்களைப் பிற்காலத்தில் மிஷேல் ஏக்கத்தோடு நினைத்துப் பார்த்தார். ஒன்று, வீட்டில் நடப்பதை எல்லாம் நாள்வாரியாக எழுதிவைக்கும் பேரேடு. யார் வந்தார்கள், எப்போது போனார்கள், என்ன வேலை தொடங்கியது, எப்போது முடிந்தது, வீட்டில் நல்லது கெட்டது என்று எல்லாவற்றையும் ஓர் ஊழியர் அதில் பதிவு செய்ய வேண்டும். அந்த வழக்கத்தைத் தொடராமல் விட்டது தன் முட்டாள்தனம் என்று மகன் வருந்தினார்.

இன்னொன்று ஓர் ஆசை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு குறிப்பிட்ட இடம் இருக்க வேண்டும். முத்து விற்க நினைப்பவர், வேலையாள் தேடுபவர், பாரிஸ் போகத் துணை தேடுபவர் என்று யாருக்கு எது தேவையோ அங்கே போய்ப் பதிந்துகொள்ளலாம். கொடுக்க ஒருவர், தேவைப்பட ஒருவர் என்று இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே போய்விடக் கூடாது என்பது பியேரின் யோசனை. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் நடப்பது இதுதான். 450 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்கு இது தோன்றியிருக்கிறது.

நண்பன் போன பிறகு

படிப்பு முடித்த மிஷேல் நீதித்துறைக்குப் போனார். போர்தோ உயர் நீதிமன்றத்தில் அவருக்கு எத்தியேன் த லா போஎசி என்ற சக நீதிபதி நண்பரானார். இந்த நட்பு ஐந்தாறு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1563 ஆகஸ்டில், 32 வயதில், நோயுற்று லா போஎசி இறந்தார். கடைசி வரை மிஷேல் பக்கத்தில் இருந்தார். நண்பர் தன் புத்தகங்களை இவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த இழப்பிலிருந்து மிஷேல் முழுமையாக மீளவே இல்லை.

1565ல் பிரான்சுவாஸ் என்ற பெண்ணுடன் திருமணம். 1568ல் அப்பா இறந்தார். மூத்த மகன் என்ற முறையில் கோட்டையும் தோட்டமும் மிஷேலுக்கு வந்தன. தம்பி ஒருவர் பந்து விளையாடும்போது தலையில் பந்து பட்டு இறந்துபோனார். மிஷேலே ஒரு தடவை குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு, செத்துவிட்டார் என்று நினைத்து ஆட்கள் தூக்கிவரும் அளவுக்குப் போய்ப் பிழைத்தார். அவருக்குப் பிறந்த ஆறு பெண் குழந்தைகளில் லெயோனோர் ஒருத்தியைத் தவிர மற்ற ஐந்து பேரும் கைக்குழந்தைகளாகவே இறந்தார்கள்.

1570ல் நீதிபதி பதவியை விட்டார். அக்காலப் பிரான்சில் அது விலைக்கு விற்கக் கூடிய பதவி. 1571ல் தன் 38ஆவது பிறந்த நாளில், அரசாங்க வேலை போதும், மிச்ச நாட்களை முன்னோர் வீட்டில் அமைதியாகக் கழிக்கப் போகிறேன் என்ற கருத்தில் லத்தீனில் எழுதி, கோபுர அறைச் சுவரில் பதித்தார்.

வாசலுக்கு மேலே ஒரு நூலகம்

கோட்டையின் பெரிய பகுதியை மனைவியும் தாயாரும் வேலையாட்களும் பார்த்துக்கொண்டார்கள். கோபுரத்தை மிஷேல் தனக்கென்று எடுத்துக்கொண்டார். கீழ்த்தளத்தில் சின்னத் தேவாலயம், முதல் தளத்தில் படுக்கையறை, இரண்டாம் தளத்தில் நூலகம். அறை வட்டமாக இருந்ததால் புத்தக அலமாரியும் வளைந்து சுற்றிவந்தது. ஐந்து தட்டுகள், சுமார் 1,000 புத்தகங்கள். மேசை நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாப் புத்தகங்களும் கண்ணுக்குத் தெரியும். கூரை உத்திரங்களில் தனக்குப் பிடித்த கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதிவைத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்டவை இருந்தன. மனிதனுக்குத் தெரிந்தது கொஞ்சம் என்று நினைவூட்டுபவை அவற்றில் பல. கோபுர உச்சியில் பெரிய மணி ஒன்று காலையும் மாலையும் ஒலித்து அந்த இடத்தையே அதிரவைக்கும். முதலில் தாங்க முடியவில்லை. பிறகு அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகிவிட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தால் கீழே வாசல், தோட்டம், கோழிகள் மேயும் முற்றம் எல்லாம் தெரியும். படிப்பார், எழுந்து நடப்பார், சொல்லச் சொல்ல எழுத வைப்பார். அப்படி எழுதிய கட்டுரைகள் 1580ல் போர்தோவில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. பயம், நட்பு, பொய், குழந்தை வளர்ப்பு, கட்டைவிரல், வாசனை என்று எதைப் பற்றியும் எழுதினார். எதை எழுதினாலும் கடைசியில் தன்னையே சோதித்துப் பார்த்தார்.

அந்தச் சோதனையில் நமக்குச் சிரிப்பு வரவழைக்கும் ஓர் ஒப்புதல் உண்டு. திராட்சைத் தோட்டத்தில் பிறந்து, அதன் வருமானத்தில் வாழ்ந்த அவருக்கு, ஒயினைத் தொட்டியில் ஊறவிடுவது என்றால் என்ன என்றே தெரியவில்லை. நசுக்கிய திராட்சையைத் தோலோடு பெரிய தொட்டியில் சில நாட்கள் விடுவார்கள். அங்கே சாறு புளித்துச் சர்க்கரை சாராயமாக மாறும். தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கும். தோட்டத்தில் வேலை செய்த சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி. முதலாளி அது தெரியாமல் மற்றவர்கள் முன்னால் மாட்டிக்கொண்டார். ரொட்டிக்குப் புளித்த மாவு எதற்கு என்பதும் தெரியாது. தன் தோட்டத்தில் முட்டைக்கோசையும் லெட்யூஸ் கீரையையும் பிரித்தறிவதே அவருக்குச் சந்தேகம்தான்.

ஒயினைக் குடிப்பதில் அவருக்கு ஒழுங்கு இருந்தது. பாதிக்குப் பாதி, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்துதான் குடிப்பார். அப்பாவுக்கு மருத்துவர் சொன்ன வழக்கம் அது. பரிமாறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வீட்டில் கலந்துவைத்துவிடுவார்கள்.

அப்படியானால் அறுவடையை யார் பார்த்தார்கள்? மனைவி பிரான்சுவாஸ். மிஷேல் ஊரில் இல்லாதபோது மட்டுமல்ல, கோபுரத்தில் இருந்தபோதும் வீட்டு நிர்வாகத்தின் பாரம் அந்த அம்மாள் தோளில்தான். வீட்டை நிர்வகிக்கத் தெரிவதுதான் ஒரு பெண்ணிடம் தான் எதிர்பார்க்கும் முதல் குணம் என்று எழுதிய கணவர், அந்த அம்மாளைப் பற்றி நேரடியாக எழுதியது மிகக் குறைவு. உலகத்துக்கு அந்தப் புத்தகம் கிடைத்ததில் அவர் பங்கும் உண்டு என்று சொன்னால் தவறாகாது.

கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரர்

1572 ஆகஸ்ட் 24 அன்று பாரிசில் புராட்டஸ்டண்டுகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அந்த வெறி போர்தோவுக்கும் வந்தது. மிஷேல் கத்தோலிக்கர், அரசரின் பக்கம். ஆனால் அவருடைய தம்பி ஒருவரும் தங்கை ஒருவரும் புராட்டஸ்டண்டு மதத்துக்குப் போயிருந்தார்கள். சுற்றுவட்டாரத்திலும் அந்த மதத்தினர் நிறையப் பேர். இரண்டு தரப்பும் அவரை எதிர்த்தரப்பு ஆளாகவே சந்தேகித்தன.

அப்பா 1550களில் கோட்டைக்குக் கொஞ்சம் பாதுகாப்புச் சேர்த்திருந்தார். மகன் அதை அதிகப்படுத்த மறுத்தார். அவர் கணக்கு எளிமையானது. காவல் போட்டால், உள்ளே பிடிக்கத் தகுந்தது இருக்கிறது என்று நாமே விளம்பரம் செய்கிறோம். காவலை உடைத்து நுழைந்தவனுக்கு அது வீரம். திறந்திருந்த வீட்டில் புகுந்தவனுக்கு அது கேவலம். தவிர, ஒரு பக்கம் காவல் வைத்தால் எல்லாப் பக்கமும் வைக்க வேண்டும். அதற்கு முடிவே இல்லை. காவலுக்கு வைத்த ஆளே எதிரியாக மாறுவதும் அந்தப் போரில் சாதாரணம். ஆகவே வெள்ளிப் பாத்திரத்தையோ, நிலப் பத்திரத்தையோகூட அவர் வேறு இடத்துக்கு மாற்றவில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு நாள் சோதனை வந்தது. அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர், ஒரு வகையில் உறவும்கூட, தனியாகக் குதிரையில் வாசலுக்கு வந்தார். எதிரிகள் துரத்துகிறார்கள், என் ஆட்கள் சிதறிவிட்டார்கள் என்று பதறினார். மிஷேல் உள்ளே அழைத்து ஆறுதல் சொன்னார். சற்று நேரத்தில் அவருடைய வீரர்கள் நாலைந்து பேர் அதே பதற்றத்தோடு வந்தார்கள். பிறகு இன்னும் சிலர். கடைசியில் ஆயுதத்தோடு இருபத்தைந்து முப்பது பேர் முற்றத்தில் நின்றார்கள்.

மிஷேலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் உள்ளே விட்டாகிவிட்டது. இனிச் சந்தேகத்தைக் காட்டினால் நிலைமை மோசமாகும். முகம் மாறாமல், எப்போதும் போல விருந்தோம்பினார். வந்தவர் கூடத்தில் இவரோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் குதிரையை விட்டு இறங்காமல் சைகைக்காகக் காத்திருந்தார்கள். கோட்டை அவர் கையில். ஆனால் அந்த மனிதர் திடீரென்று எழுந்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த முகத்தையும் வெளிப்படையான பேச்சையும் பார்த்த பிறகு தன்னால் துரோகம் செய்ய முடியவில்லை என்று பின்னாளில் அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

இதை மிஷேல் தன் சாமர்த்தியமாக எழுதவில்லை. அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்றுதான் எழுதினார்.

மேயர் மோன்தேன்

1578 முதல் அவரைச் சிறுநீரகக் கல் வாட்டியது. வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் சரியாகும் என்று நம்பி, 1580ல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலி போனார். 17 மாதங்கள் ஊரில் இல்லை. 1581 செப்டம்பரில் இத்தாலியில் இருந்தபோது, தன்னைப் போர்தோ மேயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அவர் கேட்டு வாங்கிய பதவி அல்ல. மறுக்கப் பார்த்தார், அரசர் விடவில்லை. இரண்டு தடவையாக நான்கு ஆண்டுகள், 1585 வரை, மேயராக இருந்தார். அவருடைய அப்பாவும் அதே நகரத்தின் மேயராக இருந்தவர்தான்.

வாசலில் கற்ற பாடத்தை அவர் நகரத்திலும் பயன்படுத்தினார். 1548ல், அவர் பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோது, உப்பு வரியை எதிர்த்துப் போர்தோவில் கலவரம் வெடித்தது. அரசரின் பிரதிநிதி, கோட்டைக்குள் பத்திரமாக இருந்தவர், கூட்டத்தைச் சமாதானப்படுத்த வெளியே வந்தார். ஆனால் நடுங்கிக்கொண்டே வந்தார். அந்தப் பயத்தைக் கண்ட கூட்டம் அவரைக் கொன்றுவிட்டது. அவர் வெளியே வந்தது தவறில்லை, பாதி மனதோடு வந்ததுதான் தவறு என்பது மிஷேலின் முடிவு.

1585ல் ஆயுதம் தாங்கிய படைகளின் அணிவகுப்பு ஒன்று நடக்க இருந்தது. அதிகாரிகளைச் சுட்டுவிடச் சிலர் திட்டமிட்டிருப்பதாக வதந்தி. துப்பாக்கி வெடிக்க வேண்டாம், ஒதுங்கி நிற்கலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். மேயர் நேர் எதிராகச் சொன்னார். தலை நிமிர்ந்து வரிசைகளுக்குள் நடப்போம். மருந்தை மிச்சம் பிடிக்காமல் நன்றாகவே வெடிக்கச் சொல்லுங்கள் என்றார். எதுவும் நடக்கவில்லை. சந்தேகிக்கப்பட்ட படையினரே அந்த நம்பிக்கையில் மகிழ்ந்துபோனார்கள்.

இதற்கு முன்பு, 1584 டிசம்பரில், புராட்டஸ்டண்டுகளின் தலைவரான நவார் அரசர் ஹென்றி இந்தக் கோட்டைக்கு வந்து இரண்டு நாட்கள் தங்கினார். தன் சமையல்காரர்களையும் காவலர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மிஷேலின் வேலையாட்கள் பரிமாறியதையே சாப்பிட்டார். அரச குடும்பத்தினர் உண்ணும் முன் இன்னொருவர் ருசி பார்ப்பது அக்கால வழக்கம். அதையும் வேண்டாம் என்றார். மிஷேலின் கட்டிலிலேயே தூங்கினார். திறந்த கதவுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. ஐந்து ஆண்டுகளில் அந்த விருந்தாளி பிரான்சின் அரசரானார்.

பறிக்க ஆள் இல்லாத திராட்சை

1585 கோடையில் போர்தோவில் கொள்ளைநோய் பரவியது. அந்த ஆண்டுக்குள் சுமார் 14,000 பேர் இறந்தார்கள். மேயர் பதவிக்காலம் ஜூலை கடைசியோடு முடிகிறது. புதியவரிடம் பொறுப்பை ஒப்படைக்க மிஷேல் நகரத்துக்குள் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்துகொண்டு, நான் உள்ளே வருவது அவசியமா என்று நகர சபைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவர் காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் சிலர் அவரைக் கோழை என்றார்கள். பயப்படாமல் நடக்கச் சொன்னவர் இங்கே ஏன் பின்வாங்கினார் என்ற கேள்வி நியாயமானதுதான். மனிதனின் முகத்தைப் பார்த்துப் பேசலாம், நோயிடம் அது நடக்காது என்பதைத் தவிர அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு நோய் அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. 1586 ஜூலையில் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள காஸ்தியோன் ஊரை அரசுப் படை முற்றுகையிட்டது. படை தங்கிய இடத்தில் கொள்ளையும், பின்னாலேயே கொள்ளைநோயும் வந்தன. திறந்த வாசல் பக்கத்து வீட்டுக்காரரின் மனதை மாற்றியது. நோயை மாற்ற அதனால் முடியவில்லை.

தாயார், மனைவி, மகள் என்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். ஆறு மாதங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். வாழ்நாள் முழுவதும் யார் வந்தாலும் கதவைத் திறந்த மனிதருக்கு, இப்போது கதவைத் திறக்க ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. நண்பர்களே அவர்களைக் கண்டு பயந்தார்கள். கூட்டத்தில் யாருக்காவது விரல் நுனியில் வலி என்றால் போதும், எல்லோரும் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். கொரோனா காலத்தை அடுக்குமாடியில் கழித்த நமக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

தோட்டத்தில் அறுவடைக் காலம் வந்தது. அந்த வட்டாரத்தின் முக்கியமான செல்வமே திராட்சைதான். கொடிகளில் பழம் பழுத்துத் தொங்கியது. பறிக்க ஆள் இல்லை. விவசாயிகள் தங்களுக்கான குழிகளைத் தாங்களே வெட்டினார்கள். சிலர் உயிரோடு இருக்கும்போதே அதில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். புலம்பலோ கூக்குரலோ இல்லாமல் அவர்கள் மரணத்தை எதிர்கொண்ட விதம் மிஷேலை உலுக்கியது. இறப்பது எப்படி என்று ஆயிரம் புத்தகங்களில் தேடியவர், எழுதப் படிக்கத் தெரியாத தன் தோட்டத்து ஆட்களிடம் அதைக் கண்டார். முட்டைக்கோசு தெரியாததற்காகத் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டவர், இப்போது அவர்கள் முன்னால் தன் படிப்பு எவ்வளவு சிறியது என்று எழுதினார். மூன்றாம் தொகுதியில் வரும் அந்தக் கட்டுரை அவர் எழுதியவற்றில் மிக நல்லவற்றுள் ஒன்று.

கதவு திறந்தே இருக்கிறது

1588ல் புத்தகத்தின் புதிய பதிப்போடு பாரிஸ் போனார். அங்கே தீவிரக் கத்தோலிக்கக் குழுவினர் அவரைப் பிடித்துப் பாஸ்டில் சிறையில் போட்டார்கள். ராஜமாதா காத்ரின் தலையிட்டதால் அன்றைக்கே விடுதலையானார். பிறகு ஊருக்கு வந்து, அச்சான புத்தகத்தின் ஓரங்களில் தன் கையால் சேர்த்துக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருந்தார். அந்தப் பிரதி இன்றும் போர்தோவில் இருக்கிறது.

1592 செப்டம்பர் 13 அன்று, தொண்டையில் வந்த கட்டியால் பேச முடியாமல் போய், தன் வீட்டிலேயே 59 வயதில் இறந்தார். உடல் போர்தோவில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் ஊர்த் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1598ல், அவர் வீட்டில் தூங்கிப் போன அதே ஹென்றி, இரு மதத்தினரும் சேர்ந்து வாழ வழிசெய்யும் ஆணையை நாந்த் நகரில் பிறப்பித்தார்.

மனைவி பிரான்சுவாஸ் 1627 வரை இருந்தார். கணவர் திருத்தி வைத்திருந்த தாள்களைப் பத்திரப்படுத்தி, பிரதி எடுக்கச் செய்து அவர் அனுப்பியதால்தான், 1595ல் மரி த கூர்னே என்ற பெண்மணி விரிவான பதிப்பைக் கொண்டுவர முடிந்தது.

கோட்டை பிறகு பல கைகள் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியனின் நிதி அமைச்சர் பியேர் மாஞ் அதை வாங்கிச் சீரமைத்தார். போர்களையும் கொள்ளைக்காரர்களையும் தாண்டி நின்ற வீடு, 1885 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. இப்போது அங்கே இருப்பது பிறகு கட்டிய மாளிகை. ஆனால் வாசலை ஒட்டிய கோபுரத்துக்குத் தீ பரவவில்லை. கீழே சின்னத் தேவாலயம், மேலே படுக்கையறை, அதற்கும் மேலே நூலகம், உத்திரங்களில் அந்த வாசகங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. புத்தகங்கள் மட்டும் சிதறிப்போயின.

சுற்றியுள்ள கொடிகளில் இன்றும் செப்டம்பர் வந்தால் திராட்சை பறிக்கிறார்கள், ஒயின் தயாரிக்கிறார்கள். பயணிகள் வந்து, தேய்ந்துபோன சுழல் படிகளில் ஏறி அந்த அறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்களை வரவேற்று உள்ளே அழைத்துப்போக, வாசலில் இப்போதும் ஒருவர் இருக்கிறார்.